ஜெனியின் வண்டி ஏன் நின்றது

சரவணா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி படிக்கும்போதே நீ போனைக் கையில் எடுத்துவிடுவாய். ஜெனியின் கார் சரியாகிவிட்டது. அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு அணைந்துவிட்டது, திரும்ப எரியவும் இல்லை. இன்று காலையும் அதை ஓட்டிக்கொண்டுதான் உன் பெண்டாட்டி காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். "அந்த வண்டிய வித்துடு, நான் வர்ற வரிக்கும் வேலைய உட்டுட்டு ஊட்ல இரு" என்று குஜராத்திலிருந்து நீ போட்ட சத்தம் அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது. அன்றிலிருந்து அவள் உன்னிடம் "சாப்ட்டியா, தூங்குனியா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டால், "ஒண்ணுமில்ல அத்த" என்கிறாள். போனில் இதைப் பேசலாம் என்றால், நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, கடைசியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். எழுத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் ஜெனியிடமே கொடுத்து, படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன்.

அந்த வண்டி அவளுக்கு என்னவென்று உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் கல்யாணம் ஆன பிறகு ஆண்பிள்ளைகளுக்குச் சில விஷயம் மறந்துபோகும். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் களை பிடுங்கி அவளைப் படிக்க வைத்தவர்கள். அந்த வீட்டில் கார் சாவியை முதன்முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். பழைய வண்டிதான், ஆனால் உன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவள் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னரை எங்கே அடுக்குவது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வேலை அவளுடையது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம். அந்த நேரத்துக்குக் கவரைப்பேட்டையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு எந்த பஸ் போகிறது, நீயே சொல்லு. வண்டியை விற்றுவிடு என்றால் வேலையை விடு என்று அர்த்தம். அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் சொன்னாய். அதில்தான் எனக்குக் கோபம்.

நீ குஜராத் வேலைக்கு ரயிலேறிப் போன சில நாளிலேயே அந்த விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ஜெனி பதறவில்லை. ஹைவேயில் மணி வைத்திருக்கிற ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினான். 'பி' போட்டு ஒரு நம்பர் வந்தது. எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் போதவில்லை என்று அதற்கு அர்த்தமாம். "சும்மா எரர்தான் மேடம், அழிச்சிட்டேன், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். விளக்கு அணைந்தது. வாரம் முடிவதற்குள் மறுபடியும் எரிந்தது. இந்த முறை சைலன்சர் பக்கம் இருக்கிற ஏதோ ஒரு சென்சார் தப்பாகச் சொல்கிறது என்று புதிதாக ஒன்றை மாற்றினான். அதற்கும் விளக்கு மசியவில்லை. அப்புறம்தான் மீஞ்சூர் தாண்டி, இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரி உறுமிக்கொண்டு போகிற அந்த ரோட்டில், வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. அவள் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இறங்கி, பின்னால் வந்த லாரிக்காரர்களைக் கையைக் காட்டி ஒதுங்கச் சொல்லி, இரண்டு கிளீனர்களை விட்டுத் தள்ளச் சொல்லி ஓரம் கட்டியிருக்கிறாள். அதைச் சாயங்காலம் உன்னிடம் பெருமையாகத்தான் சொல்ல வந்தாள். நீ கேட்டது 'வண்டி நின்றது' என்ற ஒரு வார்த்தையை மட்டும்.

நீ கத்திவிட்டு வைத்த பிறகு அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார், போய் ஏதாவது சொல்லு என்கிற மாதிரி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே, "அத்த, வண்டி ரிப்பேர்னா வண்டிய பாக்கணும். என்ன ஏன் ஊட்ல உக்கார சொல்றாரு?" என்று கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கேட்டதில் என்ன தப்பு? "ஞாயித்துக்கிழம நீ சர்ச்சுக்குப் போய்ட்டு வா. ரெண்டு பேரும் மணி கடைக்குப் போவோம். நானும் வர்றேன்" என்றேன். "நீங்க வந்து இன்னா அத்த பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே போகலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

நான் வந்து என்ன பண்ணுவேன் என்று நீயும் நினைப்பாய். உன் அம்மா கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் எவ்வளவு காலம் நின்றாள் என்பதை மறந்துவிடாதே. நீ ஸ்கூல் பேக் மாட்டிக்கொண்டு போனதெல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். கட்டி முடித்த ஒயர்க் கட்டை டெஸ்ட் போர்டில் மாட்டுவோம். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு, எங்கேயாவது தொடர்பு விட்டிருந்தால் சிவப்பு. டார்கெட் நெருக்கும்போது சிவப்பு விழுந்தால் எரிச்சலாக வரும். அழுத்திப் பார்ப்போம், பிடுங்கி மாட்டிப் பார்ப்போம், போர்டு சரியில்லை என்று மெயின்டனன்ஸ்காரனைத் திட்டுவோம். போர்டு பாவம், உள்ளதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த விளக்கின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமே இல்லை என்று புரிய எனக்கே சில வருஷம் பிடித்தது. அந்த அனுபவம் ஒன்றுதான் எனக்கிருந்த தகுதி. மற்றபடி பானெட்டைத் திறந்தால் எனக்கு எல்லாமே கறுப்பு டப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி சர்ச்சுக்குக் கட்டின புடவையோடே கிளம்பிவிட்டாள். மணி எங்களைப் பார்த்ததும், "இன்னா மேடம், மறுபடியும் எரியுதா? பேஜாரு புடிச்ச வண்டியா கீதே!" என்று தலையைச் சொறிந்தான். நல்ல பையன், ஏமாற்றுகிறவன் இல்லை. நெருக்கடியில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஜெனி, "அண்ணா, இந்த வாட்டி அழிக்காதீங்க. எஞ்சின் ஓடச்சொல்லோ உள்ள இன்னா நடக்குதுன்னு பாக்கலாம்" என்றாள். மணியும் மறுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஸ்கேனரில் ஓடுகிற கணக்கைக் காட்டினான். அவன் விளக்கிச் சொன்னபோதுதான் எனக்கும் விஷயம் பிடிபட்டது. எஞ்சின் இழுக்கிற காற்றை அளந்து சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. அது சொல்கிற அளவை நம்பித்தான் எஞ்சினுக்குள் பெட்ரோல் போகிறது. இந்த வண்டியில் அது உண்மையில் போகிற காற்றைவிடக் குறைவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி எஞ்சின் பெட்ரோலைக் குறைக்க, வண்டி பசியில் தள்ளாடியிருக்கிறது. "சென்சாரு மேல அழுக்கு புடிச்சிருக்கும். கழட்டிப் பாப்போம்" என்றான் மணி. "புது ஃபில்டர் தானே அண்ணா போட்டுது? அவரு ஊருக்குப் போறதுக்கு மொத நாளு அவரே மாத்தினாரே" என்றாள் ஜெனி.

சென்சாரை எடுப்பதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை மணி விடுவித்தான். மூடியைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். ஃபில்டருக்கு மேலே, சுத்தமான காற்று போகிற பக்கத்தில், ஒரு கட்டம் போட்ட கர்ச்சீப்பின் மூலையில் ஏதோ முடிந்து வைத்திருந்தது. பெட்டிக்குள் சுற்றிலும் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். விபூதி.

மணி என்னைப் பார்த்தான். "யாரும்மா இத இங்க வெச்சது? மூக்குக்குள்ள துன்னூறு போட்டா வண்டி தும்மாம இன்னா பண்ணும்?" என்றான். பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன், அடக்க முடியவில்லை. துணியின் இழை வழியாக விபூதி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, காற்றோடு போய், அந்த சென்சாருக்குள் இருக்கிற முடி மாதிரிக் கம்பியில் அப்பிக்கொண்டிருக்கிறது. மணி அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரேயை அடித்துக் கழுவினான், காய விட்டான், பெட்டியைத் துடைத்தான், திரும்ப மாட்டினான். ஸ்கேனரில் அந்த எரர் நம்பரை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவ்வளவுதான் சரவணா. வேலையை விடச் சொல்லி வீட்டில் ஒரு சண்டை, அதற்குக் காரணம் ஒரு சிட்டிகை விபூதி.

ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கர்ச்சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அத்த, இது நம்ம ஊட்டு கர்ச்சீப்பு" என்றாள் மெதுவாக. எனக்கு அதைச் சொல்லவேண்டுமா? உனக்கென்று கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் வாங்கி வைத்ததுதானே அது. உன் அப்பாவாக இருந்தால் ஊரறிய எஞ்சின் மேலேயே பட்டை போட்டிருப்பார். நானாக இருந்தால் டாஷ்போர்டில் வைத்திருப்பேன். ஃபில்டர் மாற்றுகிறேன் என்று தனியாகப் பானெட்டைத் திறந்து, ஒருத்தர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைக்கிறவன் இந்த வீட்டில் ஒரே ஒருத்தன்தான். சாமியாவது பூதமாவது என்று ஆயுத பூஜை அன்றைக்குத் தத்துவம் பேசுகிற என் பிள்ளை, ரயிலேறுவதற்கு முதல் நாள் முருகன் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்த வேகத்திலேயே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. மணி நான் அழுவதாக நினைத்துக்கொண்டு ஷெட் பையனை டீ வாங்கிவரச் சொன்னான்.

ஏன் ஒளித்தாய் என்றும் எனக்குப் புரிகிறது. காரின் கண்ணாடியில் அவள் அம்மா கட்டிக்கொடுத்த ஜெபமாலை தொங்குகிறது. அவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ, அவள் வீட்டார் பார்த்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று நினைத்திருப்பாய். போன ஆயுத பூஜைக்கு உன் அப்பா தயங்கித் தயங்கிக் குங்குமத் தட்டோடு போய் நின்றபோது அவள் என்ன சொன்னாள்? "வெய்யுங்க மாமா, நம்ம வண்டிதான்" என்றாள். நீயும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாய். அப்படிப்பட்டவளிடம் கேட்பதற்கு உனக்கு என்ன தயக்கம்?

உன்னை நான் பெற்றவள், அதனால் பதிலையும் நானே சொல்கிறேன். உனக்குத் தயக்கம் விபூதியில் இல்லை, பயமாக இருக்கிறது என்று சொல்வதில்தான். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். ஸ்கூலில் கணக்குப் பரீட்சை எழுதப் போகிற காலையெல்லாம் உனக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார், ஊசி போடுவார்கள், டானிக் கொடுப்பார்கள். பரீட்சை முடிந்த மத்தியானம் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிடுவாய். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நீ வளர்ந்த ஆம்பிளை. உள்ளே என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, வெளியே போய் டீ ஆறிப்போயிருக்கிறது என்று கேன்டீன்காரரோடு கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டாயாம். அதை உன் அப்பா சொன்னபோது தையல் பிரிந்துவிடுமோ என்கிற அளவுக்குச் சிரித்தேன். நீ அன்றைக்குச் சண்டை போட்டது டீக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்குத் தெரியும், அந்தக் கேன்டீன்காரருக்குத் தெரியாதே. அவர் உன்னை ஒரு ரவுடி என்றுதான் நினைத்திருப்பார்.

ஜெனிக்கும் இப்போது அதே நிலைமைதான். ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரம் நீ அவளோடு ஒருநாள் காட்டுப்பள்ளி வரைக்கும் போய் வந்தாயே, அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லை. டிரெய்லர்கள் நடுவே அவள் தினமும் புகுந்து போவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாய். அப்போதே, "ஜெனி, எனக்கு பயமா கீது" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்லாமல் முடிச்சுப் போட்டு ஒளித்து வைத்தாய். அது வண்டியை நிறுத்தியது. வண்டி நின்றதும் உன் பயம் இன்னும் ஏறியது, வேலையை விடு என்றாய். அவளுக்குக் காதில் விழுந்தது அந்த உத்தரவு மட்டும்தான். நம்பிக்கையில்லை போலிருக்கிறது, சம்பாதிப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் என்னென்னவோ நினைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா பேச்சு நீளுகிறது என்று நினைக்காதே. வயதாகிறது, அறிவுரை சொல்ல ஒரு பிள்ளைதான் இருக்கிறான், அவனும் குஜராத்தில் இருக்கிறான்.

உனக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மணி கடையிலிருந்து கிளம்பி, வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஜெனி என்னைப் பொன்னேரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் முன் சீட்டில். ஏசியைப் போட்டுவிட்டு, சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொடுத்து, "காலை நீட்டிக்கோங்க அத்த" என்றாள். இத்தனை வருஷம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன ரோடு. அவள் ஓட்டுவதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். லாரி வந்தால் முந்தத் துடிக்கவில்லை. லாரிக்காரன் கண்ணாடியில் தன் வண்டி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போகிறாள். மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடித்து மிரட்டாமல் நிற்கிறாள். உன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், கோபித்துக்கொள்ளாதே. ஆரணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, இருவரும் சூடாகப் போண்டா சாப்பிட்டோம். வெயில், காற்று, போண்டா, மருமகள் ஓட்டுகிற கார். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றியது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அங்கேதான் அவள் பேசினாள். அந்த முடிச்சை பிளாஸ்டிக் கவரில் போட்டு டாஷ்போர்டு டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு, "இங்க இருந்தா வண்டிக்கு மூச்சு முட்டாது" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அத்த, அவரு பயந்துகினு கீறாருன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. நான் இத்தினி நாளா அவருக்கு என் மேல கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "நான் வேலைக்குப் போய் எறங்கினதும் டெய்லி ஒரு மெசேஜ் போட்டா போதுமா, கேட்டு சொல்லுங்க. ஆனா வேலைய உட மாட்டேன் அத்த" என்றாள். விடவே கூடாது என்று நானும் அவளிடம் சொன்னேன். இந்த விஷயத்தில் உன் அப்பாவும் நானும் அவள் பக்கம். உன் பக்கத்தில் ஓட்டு ஒன்றுதான், நன்றாக எண்ணிக்கொள்.

கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னாளே தவிர, நான் கேட்கப் போவதில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நான் எதற்குத் தபால்காரி வேலை பார்க்க வேண்டும்? இந்தக் கடிதத்தை அவள் இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் உனக்கு அனுப்புவாள். அனுப்பும்போது படிக்கவும் படிப்பாள். படித்துவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டதும் வண்டி எப்படி ஓடுகிறது, மணி என்ன சொன்னான் என்று ஆரம்பிக்காதே. "பயமா கீது ஜெனி" என்று சொல்லு. சொல்லிவிட்டுச் சும்மா இரு. அதற்கப்புறம் அவள் பார்த்துக்கொள்வாள்.

அம்மா